ஓடும் சொல்



ஆங்கில மொழியில் மிகுதியான பொருள்களைத் தாங்கி நிற்கும் சொல் எது என்று யாரேனும் உங்களை வினவினால், என்ன விடை கூறுவீர்கள்? கற்றறிந்தோர் நாவில் மட்டும் வழங்கும் நீண்ட சொல் ஒன்றைத் தேடி உங்கள் நினைவு செல்லக்கூடும். ஆனால் அந்தப் பெருமைக்குரிய சொல் மூன்றே எழுத்துகளால் ஆன சின்னஞ்சிறு சொல். முதல் வகுப்புக் குழந்தையும் அதனை அறியும். "ரன்" என்பதே அச்சொல். "ஓடு" என்று நாம் அதற்குப் பொருள் கற்றிருக்கிறோம்.

ஆங்கிலத்தின் பேரகராதியாகிய ஆக்ஸ்போர்டு அகராதி 1884-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் நிறைவெய்தியது. அதன் இரண்டாம் பதிப்பு 1989-இல் இருபது தொகுதிகளாக வெளிவந்தது. அப்பதிப்பில் "செட்" என்னும் வினைச்சொல்லே மிகப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் வகுத்திருந்தார்கள். பின்னர் அகராதியைத் திருத்தி எழுதும் பணி நடந்தபோது "ரன்" முந்திவிட்டது. வினைச்சொல்லாக வரும் இடங்களை மட்டும் ஆராய்ந்து அதற்கு 645 பொருள்களை அகராதிக்காரர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

இந்த எண்ணைக் கேட்டதும் மாணவர் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். "ஒரு சொல்லுக்கே அறுநூற்று நாற்பத்தைந்து பொருளா? இந்த மொழியை எந்தக் காலத்தில் கற்று முடிப்பது?" என்று சோர்வு தோன்றும். சத்தியமங்கலத்திலும் அதன் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் தமிழ் வழியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இந்தச் சோர்வை நான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். அவர்கள் குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது அவர்களது கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கும்போது தமக்கு மொழியறிவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவு கட்டத் தேவையில்லை. ஒரே சொல்லைப் பல பொருள்களில் பிழையின்றி ஆளும் திறமை உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. அதனை உங்களுக்கே எடுத்துக்காட்ட, நம் ஊரைச் சற்றுச் சுற்றி வருவோம்.

சத்தியமங்கலத்தின் நடுவே பவானி ஆறு ஓடுகிறது. ஊருக்கு மேற்கே பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் புறப்பட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகிறது. பேருந்து நிலையத்திலிருந்து கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் பேருந்துகள் ஓடுகின்றன. சுற்றியுள்ள ஊர்களில் தறி ஓடுகிறது. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. வீட்டுச் சுவரில் கடிகாரம் ஓடுகிறது. கொட்டகையில் படம் ஓடுகிறது. மல்லிகைச் செடி நட்ட இடத்தில் வேர் ஓடுகிறது. இலையில் நரம்பு ஓடுகிறது. மழை பொய்த்த ஆண்டில், "எப்படியோ குடும்பம் ஓடுதுங்க" என்று குடியானவர் பெருமூச்சு விடுகிறார். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனுடைய மனமோ வகுப்பை விட்டு எங்கோ ஓடுகிறது.

இவற்றுள் கால் உடையது எது? ஒன்றுமே இல்லை. ஆனாலும் "ஓடுகிறது" என்று கேட்டவுடன் ஒவ்வோரிடத்திலும் என்ன நடக்கிறது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. யாரும் அகராதியைப் புரட்டவில்லை. படம் ஓடுகிறது என்று கேட்டதும், அது திரையை விட்டுத் தெருவிற்கு ஓடிவிட்டதோ என்று ஐயுற்றவர் எவரும் இலர். தாய்மொழியில் நாம் நாள்தோறும் எளிதாகச் செய்யும் இந்தச் செயலையே பிறமொழியிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்கள் எவ்வாறு வந்து சேர்கின்றன? மனிதனுக்குப் புதிய பொருள்களும் புதிய செயல்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் புத்தம்புதிய சொல்லைப் படைப்பதானால் நினைவு தாங்காது. ஆகவே பழைய சொல்லை எடுத்து, பழைய செயலுக்கும் புதிய செயலுக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டு, புதியதன்மேல் ஏற்றிவிடுகிறோம். அந்தப் புதிய பொருளிலிருந்து மற்றொன்று கிளைக்கிறது.

இதற்கு நல்ல சான்று நம் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. கோயமுத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றியவர். அவர் 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். அந்நாளைய கருவியில் நீண்ட படச்சுருள் ஒரு சக்கரத்திலிருந்து அவிழ்ந்து, விளக்கின் முன்னால் விரைந்து சென்று, மற்றொரு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சுருள் உண்மையாகவே ஓடியது. ஆகவே "படம் ஓடுகிறது" என்று மக்கள் கூறினார்கள். அடுத்த நிலையில், திரையில் தெரியும் காட்சியையே "ஓடுகிறது" என்றார்கள். அதற்கும் அடுத்த நிலையில், "படம் நூறு நாள் ஓடியது" என்றார்கள். இங்கே ஓட்டம் என்பது நீடித்து நிற்றலைக் குறித்தது. இன்று கொட்டகைகளில் படச்சுருள் மறைந்து, கணினியிலிருந்து ஒளி பாய்கிறது. ஓடுவதற்குச் சுருள் இல்லை. எனினும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது! பொருள் பிறந்த காரணம் போய்விட்டது; பொருள் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்திலும் நிகழ்ந்தது இதுவே. முதலில் மனிதனும் விலங்கும் ஓடினார்கள். தடையின்றி விரைந்து செல்லும் ஒப்புமையால் நீரும் ஓடியது. தொழிற்புரட்சிக் காலத்தில் இயந்திரங்கள் பெருகின. நீராவி எஞ்சினும் ரயிலும் நெசவு ஆலையும் தோன்றின. சக்கரம் இடைவிடாமல் சுழல்வதை ஓட்டம் என்றார்கள். இயந்திரம் ஓடினால், அதனை ஓட வைப்பவரும் வேண்டுமல்லவா? எனவே ஆலையை நடத்துவதற்கும் அதே சொல் வந்தது. ஆலைக்கு வந்த சொல் கடைக்கும் பள்ளிக்கும் வந்தது. நம் காலத்தில் கணினி நிரலுக்கும் வந்துவிட்டது. அறுநூற்று நாற்பத்தைந்து என்று எண்ணும்போது மலைப்பாகத் தோன்றியது. ஆனால் அவையெல்லாம் ஒரே வேரிலிருந்து எழுந்த சில பெருங்கிளைகளின் சிறு கிளைகள். விரைந்து செல்லுதல், ஒழுகுதல், இயங்குதல், நடத்துதல், நீண்டு செல்லுதல், நீடித்து நிற்றல் என்னும் ஆறு கிளைகளை மனத்தில் கொண்டால், நீங்கள் படிக்கும் நூல்களில் வரும் பெரும்பாலான இடங்கள் அவற்றுள் அடங்கிவிடும்.

இதுவரை ஆங்கிலச் சொல்லும் நம் சொல்லும் கை கோத்துச் சென்றன. இனி அவை பிரியும் இடங்களைக் காண்போம். மாணவர் இடறுவதும் இங்கேதான்.

ஓர் அம்மையார் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார். ஆங்கிலேயர் அவரைப் பள்ளியை "ரன்" செய்கிறவர் என்பார், அதாவது ஓட்டுகிறவர். நாமோ அவர் பள்ளியை நடத்துகிறார் என்கிறோம். "நடத்து" என்பது "நட" என்பதிலிருந்து பிறந்த சொல் அன்றோ? ஆங்கிலேயர் பள்ளியை ஓட வைக்கிறார். நாம் நடக்க வைக்கிறோம்! கடையானாலும் கம்பெனியானாலும் அரசானாலும் தமிழன் அதனை நடத்துவான். "ஓட்டுகிறான்" என்று சொன்னால் பொருள் சற்று மாறிவிடும். "எப்படியோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் கூறினால், வியாபாரம் தள்ளாடுகிறது என்பது குறிப்பு. ஆங்கிலத்தில் மதிப்போடு சொல்லும் செய்தி, சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இரக்கத்திற்குரியதாகிவிடுகிறது.

தேர்தலைப் பாருங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு "ஓடுகிறார்". இங்கிலாந்தில் அவர் "நிற்கிறார்". தமிழகத்திலும் அவர் நிற்கிறார். ஒரே ஆங்கில மொழியை வழங்கும் இரு நாடுகள் இந்த இடத்தில் மாறுபட, நாம் ஒன்றின் பக்கம் இருக்கிறோம். வேட்பாளர் தேர்தலுக்காக ஓடினார் என்று தமிழில் எழுதினால், தோல்விக்கு அஞ்சி ஓடினார் என்றே நம்மவர் கொள்வர்.

ஆங்கிலத்தில் மூக்கு ஓடும். தமிழில் அது ஒழுகும். ஆங்கிலத்தில் நோயாளி காய்ச்சலை "ஓட்டுவார்". தமிழில் அவருக்குக் காய்ச்சல் அடிக்கும். ஆங்கிலத்தில் துணியின் சாயம் ஓடும். தமிழில் அது போகும். பண்ணாரியிலிருந்து திம்பத்திற்கு 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையை ஆங்கிலத்தில் "ஓடுகிறது" என்பர். நாம் "செல்கிறது" என்போம். பத்திரிகை ஒரு செய்தியை ஆங்கிலத்தில் ஓட்டும், தமிழில் வெளியிடும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். தமிழில் நாம் ஓட்டுகின்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஓட்ட முடியாது. நாம் ஏர் ஓட்டுகிறோம், மாடு ஓட்டுகிறோம், பொழுதை ஓட்டுகிறோம். கிராமங்களில் பேய்கூட ஓட்டுகிறார்கள். வாடிக்கையாளர் வராத கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உள்ளன. திடீரென்று இடர் வந்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காலாவது ஓடக்கூடியது. கை எப்படி ஓடும் என்று ஆங்கிலேயர் வியப்பார். அவர் வியப்பது போலவே நாமும் அவர் மூக்கு ஓடுவதைக் கண்டு வியக்கிறோம். ஒரு மொழி வளமானது, மற்றது வறியது என்று இதனால் கொள்ளலாகாது. வழிகள் வேறு, அவ்வளவே.

இலக்கண நுட்பம் ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். தமிழில் தன்வினையும் பிறவினையும் வடிவத்திலேயே வேறுபடுகின்றன. பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் அதனை ஓட்டுகிறார். ஒரு "ட்" கூடியதும் செய்பவர் யார் என்பது விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் "ரன்" என்னும் ஒரே வடிவமே நிற்கிறது. நாம் இரு சொற்களுக்குப் பங்கிட்டுத் தந்த வேலையை அங்கே ஒரு சொல்லே சுமக்கிறது. அகராதியில் அதன் பொருள்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கப்பலோட்டிய தமிழன்" என்று நாம் போற்றும் வ. உ. சிதம்பரனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கப்பலின் சுக்கானைப் பிடித்தவர் அல்லர், வழக்கறிஞர். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து, வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். அதற்காகவும் அவருடைய அரசியல் பணிக்காகவும் ஆட்சியினரின் சினத்திற்கு ஆளாகி, 1908-இல் தண்டனை பெற்று, நம் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். "ஓட்டிய" என்னும் சொல் இங்கே மாலுமியின் தொழிலைக் குறிக்கவில்லை. ஒரு பெரு முயற்சியை முன்னின்று நடத்தியதைக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குரிய நடத்துதல் என்னும் பொருள் நம் "ஓட்டு" என்னும் சொல்லிலும் எவ்வளவு பெருமிதத்தோடு அமைந்துவிட்டது பாருங்கள்! தள்ளாடும் கடைக்கும் அதே சொல். அந்நியரை எதிர்த்த கப்பலுக்கும் அதே சொல். பக்கத்தில் நிற்பது எது என்பதைப் பொறுத்துச் சொல்லின் மதிப்பும் மாறுகிறது.

இவையெல்லாம் புலவர் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லின் பொருளைத் தவறாகக் கொள்வது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

எங்கள் ஊருக்கு அண்மையில் மல்லிகை பயிரிடும் குடியானவர் ஒருவர் கிணற்றுக்குப் புதிய மின்சார பம்பு வாங்கினார். அதனோடு ஒரு துண்டறிக்கை வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். பம்பு "டிரை" ஆக இருக்கும்படி "ரன்" செய்யாதீர் என்பது ஆங்கில எச்சரிக்கை. அதனைத் தமிழாக்கியவர் சொல்லுக்குச் சொல் வைத்து, "உலர்ந்த பம்பை ஓட்டக்கூடாது" என்று அச்சிட்டுவிட்டார். எழுத்துக்கூட்டிப் படித்த குடியானவர் அதனை வேதவாக்காகக் கொண்டார். நாள்தோறும் காலையில் சுவிட்சைப் போடுமுன் ஒரு குடம் தண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றி வந்தார்!

மின்சாரம் பாயும் இயந்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றுவது எத்தகைய அபாயம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்வினைப் பயனால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் பம்புக்கு நேர்ந்தது. கோடையில் கிணற்று நீர் கீழே இறங்கிவிட்டது. இழுக்க நீர் இல்லாமல் பம்பு வெறுமனே சுழன்றது. பம்பின் உள்ளே நீர் கசியாமல் தடுக்கும் சீல் என்னும் உறுப்பு இருக்கிறது. அது உராய்ந்து சூடேறாமல் காப்பது, உள்ளே செல்லும் நீர்தான். நீர் இல்லாமல் ஓடினால் அது கருகிவிடும். அவருடைய பம்பும் அப்படியே கருகியது. பூ விற்ற பணம் பழுது பார்க்கும் கடைக்குப் போயிற்று.

"உலர விடக்கூடாதுன்னு போட்டிருந்துதுங்க வாத்தியாரய்யா, அதுக்குத்தான் தினமும் தண்ணி ஊத்துனனுங்க" என்று அவர் என்னிடம் கூறியபோது, அவர்மேல் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. அச்சிட்டிருந்த தமிழை அவர் சரியாகவே படித்திருந்தார். ஆங்கிலத்தில் உலர்ந்திருக்கக் கூடாது என்றது, ஓடும்போது பம்பின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. பம்பின் மேற்புறம் ஈரமா உலர்ந்ததா என்பதைப் பற்றியது அன்று. "கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைப் போடாதீர்கள்" என்று நம் மக்கள் பேசும் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுத இரு மொழியும் அறிந்த ஒருவர் வேண்டும். அவர் நாளை நீங்களாக இருக்கலாம் என்பதனாலேயே இந்த நிகழ்ச்சியை உங்களிடம் கூறினேன்.

சொல்லின் பொருளை இடமறிந்து தெளிவதற்கு வழி உண்டா? உண்டு. அந்த வழியைப் பழந்தமிழ் இலக்கண நூலே காட்டியிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் "பலபொருள் ஒருசொல்" என்பதைப் பற்றிய ஆராய்ச்சி இருக்கிறது. அத்தகைய சொல்லின் பொருள் எது என்பதை, அது கொள்ளும் வினையாலும், அதன் இனத்தாலும், அதன் சார்பாலும் தெளியலாம் என்பது ஆசிரியரின் கருத்து.

"மா" என்னும் சொல் மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். "மா தளிர்த்தது" என்றால் மரம். "மா கனைத்தது" என்றால் குதிரை. வினை காட்டிக்கொடுத்தது. "மாவும் பலாவும் வைத்தேன்" என்றால் பலா என்னும் இனம் காட்டிக்கொடுத்தது. கையில் சேணத்தை ஏந்தி நிற்பவன் "மா எங்கே?" என்று வினவினால், அவன் மாமரத்தைத் தேடவில்லை என்பதைச் சூழ்நிலை காட்டிக்கொடுக்கும். அதுவே சார்பு.

இந்த மூன்று விளக்குகளையும் ஆங்கில வினைச்சொல்லின் அருகே கொண்டுசெல்லுங்கள். அங்கே வினை பெயரை விளக்கியது. இங்கே பெயர் வினையை விளக்கும். முதலில், ஓடுவது எது, ஓட்டப்படுவது எது என்று கேளுங்கள். ஆறா, பேருந்தா, பள்ளியா, வேட்பாளரா? பாதிப் பொருள் அங்கேயே வெளியாகிவிடும். இரண்டாவதாக, உடன் வரும் இனச் சொற்களைப் பாருங்கள். விக்கெட்டும் பந்தும் அருகில் இருந்தால் அந்த "ரன்" கிரிக்கெட் ஓட்டம். மூன்றாவதாக, எங்கே எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்னும் சார்பைப் பாருங்கள். பம்பின் துண்டறிக்கையில் வருவது இயந்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும். துண்டறிக்கையைத் தமிழாக்கியவர் மூன்றாவது விளக்கை ஏற்றிப் பார்த்திருந்தால் ஒரு குடும்பத்தின் பணமும் மிஞ்சியிருக்கும், அபாயமும் நேர்ந்திராது.

ஆங்கிலத்திற்கென்று நான்காவது விளக்கு ஒன்றும் வேண்டும். வினையின் பின்னால் ஒட்டி வரும் சிறு சொல்லே அது. "அவுட்", "இன்டு", "ஓவர்", "டவுன்", "அவே" முதலிய சிறு சொற்கள் வினையின் பொருளை முற்றிலும் திருப்பிவிடும். கிரிக்கெட் ஆடும் உங்களுக்கு "ரன் அவுட்" என்றால் ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார் என்று தெரியும். அதே தொடர் சமையலறையில் சர்க்கரையைப் பற்றி வந்தால் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று பொருள். "ரன் இன்டு" என்பது நண்பரைப் பற்றி வந்தால் எதிர்பாராமல் சந்தித்தல். மரத்தைப் பற்றி வந்தால் மோதுதல். "ரன் ஓவர்" என்பது வண்டிக்கு வந்தால் ஒருவர்மேல் ஏறிவிடுதல். கூட்டத்திற்கு வந்தால் குறித்த நேரத்தைக் கடந்துவிடுதல். நல்ல வேளையாக, இதுவும் நமக்குப் புதிதன்று. தமிழில் "ஓடிப் போ" என்பதற்கும் "ஓடி வா" என்பதற்கும், "ஓடிவிட்டான்" என்பதற்கும் "ஓடிப் பார்த்தான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் துணைவினைகள்தாமே செய்கின்றன? ஆங்கிலத்தில் சிறு சொல் ஆற்றும் பணியின் பெரும்பகுதியைத் தமிழில் துணைவினை ஆற்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரே ஒலியுடைய சொற்கள் எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள் என்று கொள்ளக் கூடாது. கூரையில் வேயும் ஓட்டையும் "ஓடு" என்கிறோம். ஆமையின் முதுகிலும் ஓடு இருக்கிறது. இந்த ஓடு ஓடுவதில்லை! "தாயோடு வந்தான்" என்பதில் வரும் "ஓடு" வேற்றுமை உருபு. இம்மூன்றும் ஒலியால் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்கள். ஆறு ஓடுவதும் படம் ஓடுவதுமோ ஒரே சொல்லின் கிளைகள். நம் முன்னோர் இத்தகைய சொற்களையெல்லாம் திரட்டி வைத்தார்கள். திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பதற்கே ஒதுக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு அகராதிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் மாணவர் அதனைப் பாடம் செய்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் "ஓடு" என்னும் சொல்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் நாள்தோறும் எத்தனை பொருள்களை அறியாமலே ஆண்டு வருகிறீர்கள் என்பது விளங்கும்.

மாணவ நண்பர்களே, நடைமுறைக்கு ஏற்ற ஒரு யோசனையைக் கூறி முடிக்கிறேன். குறிப்பேட்டின் நடுவே கிழித்த அந்தக் கோட்டை இனி விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரு சொல்லுக்குக் கொடுங்கள். அந்தச் சொல்லைப் பாடநூலிலோ பத்திரிகையிலோ மருந்துப் பெட்டியிலோ காணும்போதெல்லாம், அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். அதன் கீழே, நம் வீட்டில் இதனை எப்படிச் சொல்வோம் என்று எண்ணி அந்தத் தமிழை எழுதுங்கள். அகராதித் தமிழை எழுதாதீர்கள். உங்கள் தாயாரும் தகப்பனாரும் பேசும் தமிழை எழுதுங்கள். ஆண்டு முடிவில் ஐம்பது பக்கம் நிரம்பினால், ஐம்பது சொற்கள் உங்களுக்கு உறவாகிவிட்டன என்று பொருள். ஆங்கிலத்தைப் பெரிதும் தாங்குவன இத்தகைய சிறு வினைச்சொற்களே ஆதலால், அந்த ஐம்பது சொற்களும் ஆயிரம் கடினச் சொற்களைவிட உங்களுக்கு மிகுதியாக உதவும்.

இவ்வாறு பயின்றால், ஆங்கிலம் அறியாத ஒருவர் துண்டறிக்கையையோ மருத்துவரின் குறிப்பையோ நீதிமன்ற ஓலையையோ உங்களிடம் நீட்டும்போது, அவருக்குப் புரியும் தமிழில் அதனை எடுத்துரைக்க உங்களால் இயலும். இரு மொழி கற்றதன் பயன் அதனினும் சிறந்தது எது?